ஒருவரும் போட்டுக்கொள்ளாத ஊசி

நெய்தல் துளை நிலையம், யூரோப்பா (வியாழனின் நிலா)
மருத்துவப் பதிவு. எழுதுபவர்: டாக்டர் பொன்னுரங்கம்

நாள் 212. 07:10

காற்றழுத்தம் சரி. என்னையும் சேர்த்துப் பணியாளர் ஐவர். யாருக்கும் காய்ச்சல் இல்லை. தயிரும் இல்லை.

இரண்டாவதை விளக்க வேண்டும். தடுப்பூசியின் செய்முறை பூமியிலிருந்து வந்துவிட்டது. அதை வளர்க்கக் கதகதப்பு மாறாத தொட்டி வேண்டும். இந்த நிலாவில் அப்படிப்பட்ட தொட்டி ஒன்றுதான் உண்டு. அதில் தயிர் உறைந்துகொண்டிருந்தது. தொட்டியை எடுத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கப்போகிறவர் யாரென்று தெரியாது. ஆகவே சுருக்கம். தெற்கு நிலையத்தார் பனியைத் துளைத்து அடியிலிருக்கும் கடலைத் தொட்டார்கள். நீரோடு ஒரு நுண்ணுயிர் மேலே வந்தது. அது புகுந்தால் சில நாட்களில் நுரையீரல் பலகையாக விறைக்கிறது; ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டவும் செய்கிறது. உறைமூச்சு என்று பெயரிட்டிருக்கிறார்கள். பதினோரு பேரில் ஏழு பேர் இறந்தார்கள். பிழைத்த நால்வரின் ரத்த ஆய்வு முடிவுகளை வைத்துப் பூமியில் இந்த ஊசியைக் கண்டுபிடித்தார்கள்.

எங்கள் துளை கடலைத் தொட இன்னும் ஐந்து வாரம். வேலையை நிறுத்த முடியாது. சேமிப்பு நீர் அதுவரைக்குத்தான் வரும். ஊசி இரண்டு தவணை, இடையில் இரண்டு வாரம். இரண்டாவதிலிருந்து பத்து நாள் கழித்து முழுப் பலன். கணக்கு எளிது. கணக்கு மட்டும்தான் எளிது.

நாள் 216. 13:40

ஊசி தயார். எல்லோரும் உணவறைத் திரையில் பார்த்திருக்க, முதல் தவணையை நானே போட்டுக்கொண்டேன். அவர்களிடம் எடுபடவில்லை. எதிர்வினைகளை, நிலையத்து அறைகளை இணைக்கும் உள்தொடர்பின் பதிவிலிருந்து அப்படியே தருகிறேன்.

மரியபுஷ்பம், துளைத் தலைமை, தூத்துக்குடிக்காரர், பூமியில் இருபது ஆண்டு கடலடித் துளைகளில் வேலை பார்த்தவர்: "நீங்க போடுறது கணக்குல வராது டாக்டரே. ஓட்டல்காரன் தன் கடை இட்லிய தானே தின்னுட்டா, அது நல்ல இட்லியாயிருமா?"

குழந்தைவேலு, பயிர்க்கூடம்: "ஏனுங் டாக்டர், தயிர்த் தொட்டியில வளர்த்திருக்கீங்களே, முன்னால ஒருக்கா கழுவுனீங்களா?"

ஜமீலா, அணு உலை. நாகூர்க்காரர், என்னை அண்ணன் முறை வைத்து நானா என்பார்: "தெற்கு நிலையத்துல பொழச்ச நாலு பேரும் ஊசி போடாமத்தானே நானா பொழச்சாங்க?"

செத்த ஏழு பேரும் ஊசி போடாமல்தான் செத்தார்கள் என்றேன். அது வேறு விஷயமாம்.

நாள் 217. 18:05

நிலையத் தலைவர் தணிகாசலம் கூட்டம் போட்டார். கூட்டம் போடுவதில் அவர் வல்லவர். முடிவெடுப்பதை ஒத்திவைப்பது எப்படி என்பதில் அவர் முடிவெடுக்கும் வேகத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

"இன்னா டாக்டர், நாம அஞ்சு பேரும் ஒரே குடும்பம். பூமியில இருந்து இன்னும் கொஞ்சம் முடிவுங்க வரட்டும். வந்தா பாக்கலாம்."

பூமியில் உறைமூச்சு கிடையாது. ஆகவே பூமி எங்கள் முடிவுகளுக்காகக் காத்திருக்கிறது. நாங்கள் பூமியின் முடிவுகளுக்காகக் காத்திருக்கிறோம். இந்த நிலைமையை இரு தரப்புக்கும் விளக்கி எழுதியிருக்கிறேன். இரு தரப்பும் நன்றி தெரிவித்தன.

கூட்டத்தின் முடிவில் மரியபுஷ்பம் மாற்றுத் துளைமுனை ஒன்றைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். கடலடித் துளைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: கீழே ஒருவர் இருக்கும்போது மற்றவர் மேலேறுவதில்லை. இறங்குமுன் எல்லோரும் துளைமுனைமேல் கைவைத்து அதை உறுதி சொல்வார்கள்.

"போட்டா எல்லாரும் போடணும். இல்லைன்னா ஒருத்தரும் போடக்கூடாது. ஒருத்தர விட்டுட்டு ஒருத்தர் தப்பிக்கக்கூடாது. வையுங்க கைய."

நான்கு கைகள் அந்த இரும்பின்மேல். ஏற்கெனவே போட்டுக்கொண்டவன் என்பதால் என் கை தேவைப்படவில்லை. தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. எனக்கும் வேறு காரணத்துக்காகக் கலங்கியது.

நாள் 218. 11:20

தணிகாசலம், முதுகுவலி என்று வந்தார். கதவைச் சாத்தினார். சட்டைக் கையைச் சுருட்டினார்.

"யாருக்கும் தெரிய வேணாம். நான் தலைவரு. உயிரோட இருந்தாத்தான பொறுப்ப பாக்க முடியும்? மத்தவங்க மனசு வேற கஷ்டப்படும்."

ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் கையை இறக்கிக்கொண்டிருப்பார். முதல் தவணை போட்டேன்.

நாள் 219. 16:30

காலையில் ஜமீலா, தலைவலி. மதியம் குழந்தைவேலு, ஒரு கட்டு முளைக்கீரையுடன். இருவருக்கும் முதல் தவணை போட்டேன். இருவருக்கும் ஒரே வாக்குறுதி.

மூவரில் ஒவ்வொருவரும், துரோகம் செய்வது தான் ஒருவர் மட்டுமே என்று நம்புகிறார். மூவரும் வருந்தினார்கள். வருத்தத்தில் பொய் இல்லை. ஜமீலா அழுதார். ஊசி குத்தும்போது அல்ல, அதற்கு முன்பு.

நிலவரம்: ஐந்தில் நான்கு பேர் போட்டுக்கொண்டாயிற்று. நிலையத்தில் பேசிக்கொள்வதைக் கேட்டால் என்னைத் தவிர ஒருவரும் போட்டுக்கொள்ளவில்லை.

நாள் 222. 12:15

மரியபுஷ்பத்தை உள்தொடர்பில் தனியாக அழைத்தேன். துளைமேடையில் கடலைத் தொடப்போகும் வால்வின் முன்னால் முதலில் நிற்பவர் அவர்தான். முழுப் பலன் வேண்டுமானால் இன்றோ நாளையோ முதல் தவணை போட வேண்டும் என்றேன்.

"எனக்கு மட்டும் பயம் இல்லைங்கீங்களா? எம் மவ அங்க பூமியில புள்ள பெத்துப் போட்டுட்டு ஒக்காந்திருக்கா. அவ அனுப்புன படத்துல புள்ள கொட்டாவி விடுது. அந்தக் கொட்டாவிய நேர்ல பாக்கணும் டாக்டரே. நீங்க நல்ல ஊசிதான் செஞ்சிருப்பீங்க. நான் இல்லைன்னு சொல்லல."

"பிறகென்ன?"

"கைவச்சிருக்கோம்லா. அவுங்க மூணு பேரும் வந்து கைய நீட்டட்டும். நாலாவது கை என்னுது. நான் மட்டும் தப்பிச்சு, அந்தக் கொழந்தவேலு செத்துக் கெடந்தா அவம் மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

அந்தக் குழந்தைவேலு மூன்று நாளாகத் தோள்பட்டை வீக்கத்துக்கு என்னிடம் களிம்பு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

நாள் 222. 17:50

மூவரையும் தனித்தனியே அழைத்துக் கெஞ்சினேன். மரியபுஷ்பத்திடம் மட்டுமாவது சொல்லுங்கள், ஓர் உயிர் என்றேன். மூன்று வட்டார வழக்குகளில் ஒரே பதில்.

"மத்தவங்க சொல்லட்டும் டாக்டர், நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"வேற யாராவது ஆரம்பிக்கட்டுங். நான் பின்னாலயே வந்தர்றனுங்."

"அவங்கல்லாம் போடாம இருக்கறப்ப நான் மட்டும் எந்த மூஞ்சியோட நானா சொல்லுவேன்?"

அவர்களும் போட்டுக்கொண்டார்கள் என்று நான் சொல்லலாம். சொன்னால் வாக்கு உடையும். உடைந்தால் இரண்டாவது தவணைக்கு ஒருவரும் வர மாட்டார்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூவரைப் பாதியில் விட நேரும். மருத்துவக் கல்லூரியில் இதற்கு ஒரு பாடம் இருந்தது. ஆசிரியர் அதை நடத்திய அன்று நான் வந்திருந்தேன் என்றுதான் நினைவு. பயன் ஒன்றும் தெரியவில்லை.

நாள் 233. 09:00

நேற்றும் இன்றும் மூவருக்கும் இரண்டாவது தவணை முடிந்தது. மூவரும் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

மரியபுஷ்பத்துக்கு முழுப் பலன் கிடைக்கும் காலம் கடந்துவிட்டது. இன்று ஒரு தவணை போட்டால் பாதியாவது கிடைக்கும். இரவு உணவின்போது வாக்கை உடைக்கப்போகிறேன்.

நாள் 233. 19:55

உடைத்தேன். மருத்துவ அறையிலிருந்தே உள்தொடர்பைத் திறந்து, உணவறைத் திரையில் என் முகம் தெரிய, நால்வருக்கும் கேட்கும்படி சொன்னேன்: தணிகாசலம், ஜமீலா, குழந்தைவேலு மூவரும் இரண்டு தவணையும் போட்டுக்கொண்டுவிட்டார்கள். மரியபுஷ்பம், மீதி நீங்கள் ஒருவர்தான்.

பதிவு:

மரியபுஷ்பம்: "அப்பிடியா? யாரெல்லாம் போட்டது? கையத் தூக்குங்க பாப்போம்."

கரண்டிச் சத்தம்.

தணிகாசலம்: "டாக்டருக்கு வேல ஜாஸ்தி. பாவம், தூக்கமே இல்ல."

மரியபுஷ்பம்: "ஜமீலா? ஏ பிள்ள, நீ போட்டியாட்டீ?"

ஜமீலா: "...இல்ல அக்கா."

மரியபுஷ்பம்: "கொழந்தவேலு?"

குழந்தைவேலு: "நானெதுக்குங் போடறன்? ரசம் ஊத்துங்."

ரத்தம் எடுத்துக் காட்டுகிறேன், ஒரு சொட்டுப் போதும் என்றேன். தலைவர் என்ற முறையில் தணிகாசலம் அதற்கு அனுமதி தரவில்லை. பணியாளரின் தனியுரிமையாம்.

மரியபுஷ்பம் திரையைப் பார்த்துச் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு.

"நல்ல மனசுதான் உங்களுக்கு. ஆனா பொய் சொல்ல வரலையே டாக்டரே. ஒருத்தர் பேரச் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். மூணு பேரையும்லா சொல்லிட்டீங்க."

அவர் ரசம் பரிமாறியபோது அந்த மூவரின் முகத்தையும் திரையில் பார்த்தேன். ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் என்னைப் பற்றிச் சொன்னது மட்டும் நிஜம், இந்த இரண்டு பேரும் பாவம் என்று.

நாள் 240. 08:30

மரியபுஷ்பம் என் அழைப்புகளை எடுப்பதில்லை. "ஊசியத் தவிர வேற பேச்சு இருந்தா கூப்பிடுங்க" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். வேறு பேச்சு எனக்கு நினைவில்லை.

தயிர்த் தொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நிலையத்தில் மகிழ்ச்சி.

நாள் 247. 14:22

கடல் வந்துவிட்டது. வால்வைத் திறந்தவர் மரியபுஷ்பம், பின்னால் மூவரும். வடிகட்டி அழுத்தம் தாங்கவில்லை. மேடை முழுக்க நீர்த்திவலை, நான்கு பேர் முகக்கவசமும் நனைந்தது. அலறல் இல்லை, ஆரவாரம்தான். தண்ணீர் கிடைத்துவிட்டதல்லவா.

நால்வரையும் தனித்தனி அறையில் வைத்திருக்கிறேன்.

நாள் 250. 06:40

தணிகாசலம்: இயல்பு. ஜமீலா: இயல்பு. குழந்தைவேலு: இயல்பு, பசி அதிகம். மூவரையும் வெளியே விட்டேன்.

மரியபுஷ்பம்: காய்ச்சல் 39.6. மூச்சு முப்பத்திரண்டு. வலது நுரையீரலின் அடி விறைக்கத் தொடங்கிவிட்டது. இப்போது ஊசி போட்டுப் பயனில்லை. போட்டேன்.

நாள் 251. 10:15

நேற்று அனுப்பிய நிலவரத்துக்குப் பூமி ஆய்வுக் குழுவின் பதில்:

"மகிழ்ச்சியான முடிவுகள். ஊசி பெற்ற நால்வரும் முழு நலம் என்பது எதிர்பார்த்ததைவிடச் சிறப்பு. ஒப்பீட்டுக்காக ஒருவரை ஊசியின்றி வைத்திருந்த தங்கள் திட்டமிடலைக் குழு பாராட்டுகிறது. அந்நபரின் சம்மதப் படிவம் இணைக்கப்படவில்லை. அனுப்பிவைக்கவும்."

பதில் எழுதினேன். அழித்தேன். எழுதினேன்.

அனுப்பவில்லை.

நாள் 252. 15:10

மரியபுஷ்பத்துக்கு இடது நுரையீரலும் போய்விட்டது. ஆக்சிஜன் முழுவீச்சில். மகள் அனுப்பிய படத்தைத் திரையில் ஓட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். குழந்தை கொட்டாவி விடுகிறது. மறுபடி விடுகிறது.

நான் உள்ளே, பக்கத்தில். நான் போட்டுக்கொண்டவன் என்று அவருக்குத் தெரியும், அதனால் என்னை விரட்டவில்லை. கையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கை போதவில்லை, ஒன்று குழாய்க்கு வேண்டியிருக்கிறது. யாராவது ஒருவர் வந்தால்

15:40

வந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூவரும். உள்தொடர்பைத் திறந்து வைத்தேன், அவர் பேசுவது வெளியே கேட்கட்டும் என்று.

"யாரு அங்க?"

"மூணு பேரும் வந்திருக்காங்க."

சிரித்தார். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஏன் விட்டீங்க... ஒருத்தரும் ஊசி போடல. ஒட்டிக்கும். கதவு கிட்ட வராம... போவச் சொல்லுங்க டாக்டரே. கொழந்தவேலு சொன்னாக் கேக்க மாட்டான், அவன... வெரட்டுங்க."

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். இந்த மூச்சில் அவருக்கு அது எதற்கு?

ஜமீலாவின் கை கதவுப் பிடிமேல் இருந்தது. திருகினால் திறக்கும், பூட்டவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகாது. அது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். நுழைந்தால் மற்ற இருவருக்கும் தெரிந்துவிடும். பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

கையை எடுத்துவிட்டார்.

15:52

போகச் சொன்னேன்.

போய்விட்டார்கள்.