கறை தெரியாத நிறம்

ஜெனிலா அப்பாவுக்கு,

மும்பையில் கர்த்தர் உங்களைச் சுகமாக வைத்திருப்பார். பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

நாம் சீர்வரிசையாகக் கொடுக்கும் கரண்டு காரை முன்பதிவு செய்ய நேற்று தூத்துக்குடி கடைக்குப் போனோம். மருமகன் பெரிய டயர் கேட்டார்.

"அதுல சார்ஜ் சீக்கிரம் இறங்கிரும்னு சொல்லுதாங்களே" என்றாள் நம் மகள்.

மருமகன் அவளை ஓங்கி அறைந்தார். மூக்கு ரத்தம் கார் சீட்டுக்கான வெள்ளை மாதிரித் துணியில் சொட்டியது.

"கறுப்பே போடுங்க அண்ணாச்சி, கறை தெரியாதுல்லா" என்று சிரித்தார்.

கையெழுத்துப் போட வேண்டியவள் நான். முன்பதிவுத் தாளைக் கிழித்துப்போட்டேன். என் போனை உடைத்துவிட்டார், உங்கள் நம்பரும் அதோடு போயிற்று, அதனால்தான் கடிதம். பதறாதீர்கள், என் உதடு மட்டும்தான் வீங்கியிருக்கிறது.

இப்போது பாஸ்டரம்மா வீட்டில் இருக்கிறோம். அடுத்த புதன்கிழமை பேரனோடு மூவரும் ரயிலேறுகிறோம். பால் பவுடர் வாங்குங்கள். மகள் கட்டிலில் வெள்ளை விரிப்பே போட்டு வையுங்கள்.

அவசரத்தில்,
ஞானதீபம்