கோமகனுக்கு முன் குடித்தவன்

டுசல்டோர்ஃப் அருகே,
மேற்கு ஜேர்மனி.
12.08.1986

அன்புள்ள பாலாம்பிகைக்கு,

நீரும் மகள் சியாமளாவும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டி எழுதுவது. உமது கடிதம் கிடைத்தது. இங்கே வருகிற கிழக்கு பெர்லின் வழியை அடைக்கப் போகிறார்கள் என்று ஏஜென்சிக்காரன் அவசரப்படுத்துவதாகவும், வாறதோ விடுறதோ ஒரு சொல் எழுதுங்கோ என்றும் கேட்டிருந்தீர். அதற்கு முன் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு அரண்மனையில் உத்தியோகம் என்று எழுதியிருந்தேன். அரண்மனை உண்மை. நானூறு வருடத்துக்கு முந்திய கோமகன் ஒருவருடையது, இப்போது பழம்பொருட்கள் வைத்துக் காட்டும் நூதனசாலை. உத்தியோகம்தான் பொய். அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்த நான் இங்கே படி கூட்டுகிறேன். அகதிக்கு வேறு வேலை தரச் சட்டம் இல்லை.

போன சனிக்கிழமை அரண்மனை விழா. ஊர்ச்சனங்கள் அந்தக் காலத்து அரசவை போல உடுத்தி வந்தார்கள். மந்திரி, கணக்கர், வாயிற்காவலன் எல்லாரும் உண்டு. கோமகன் குடிக்குமுன் நஞ்சில்லையென்று குடித்துக் காட்டும் வேலைக்காரனாக வரவேண்டியவருக்குக் காய்ச்சல். பொறுப்பாளர் கெல்லர் அம்மா நான் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைப் பறித்து வைத்துவிட்டு, வெல்வெட் சட்டை ஒன்றை மாட்டிவிட்டார்.

கிண்ணத்தில் வைன். அதை மன்னியும். இன்னொருவர் குடிக்கப்போவதில் வாய் வைக்கலாமோ? நம் வழக்கப்படி அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக் குடித்துவிட்டு மரியாதையாக நீட்டினேன். சபை கொல்லென்று சிரித்தது. கோமகனாக இருந்த மருந்துக்கடைக்காரர் கிண்ணத்தை வாங்கவில்லை. விளிம்பிலும் நஞ்சு தடவியிருக்கலாம், வாய் வைத்தால்தான் சோதனை என்று கெல்லர் அம்மா காதுக்குள் சொன்னார். எனக்கு மானம் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு வாய் வைத்துக் குடித்தேன். அந்த எச்சிலை அந்த மனுசன் முகம் சுளிக்காமல் குடித்தார்.

திரும்பி வரும் வழியில் என்மீதே கோபம் வந்தது. இரண்டு வருடமாக உமக்கு நான் எழுதியதெல்லாம் உதடு படாத கடிதங்கள்தான்.

ஆகவே மிச்சத்தையும் கேளும். ஓர் அறையில் ஆறு பேர். தஞ்சம் கேட்டுப் போட்ட அன்ராக் என்கிற மனுவை மார்ச்சில் நிராகரித்துவிட்டார்கள். அப்பீல் செய்திருக்கிறேன், முடிவு தெரியாது. இந்த மாவட்டத்தைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. பனிக்காலத்தில் இரண்டு முறை அழுதேன். ஆனால் இங்கே கதவைத் தட்டுகிறவன் தபாற்காரன். சியாமளா வயதுப் பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடம் போனால் பின்னேரம் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு வாரும். உடனே வெளிக்கிடும்.

மேற்கு பெர்லினில் அகதியாகப் பதிந்தபின் உங்களை எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று சொல்ல ஏலாது. எந்த ஊர், எந்த றெயின் என்று மட்டும் அறிவியும். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அனுமதியில்லாமல் ஒருநாள் லீவு எடுத்தவன் இல்லை நான். அன்றைக்கு யாரிடமும் கேட்கப் போவதில்லை. ஸ்ரேசனில் நிற்பேன்.

வழி முழுக்கப் பிள்ளையின் கையை விடாதேயும். கந்தன் துணையிருப்பான்.

இப்படிக்கு உம்முடைய,
அரண்மனை கூட்டும் தம்பித்துரை