நாலாவது போல்ட்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலம் என்று நம்புகிறேன். இங்கேயும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா சாப்பிட்டு நாலு நாளாகிறது.

மறதி நோய் முற்றியதிலிருந்து, அவருடைய பழைய காரில் உட்காரவைத்து இன்ஜினை ஓடவிட்டால்தான் வாயைத் திறக்கிறார். வண்டி நகரவேண்டாம், சத்தம் போதும். ஒரு கிண்ணம் சோறு இறங்கிவிடும். செவ்வாய்க்கிழமை இன்ஜின் நின்றுபோனது. வேறு வண்டியின் சத்தத்தைக் கேட்கவைத்தும் பார்த்தோம், வாயைத் திறக்கவில்லை. கோளாறு இன்ஜினுக்கு மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் என்கிறார் உன் மாமா. என்னைக் கட்டிய பாவத்துக்கு அவரும் நாலு நாளாக பானெட்டுக்குள் தலையை விட்டபடியே நிற்கிறார்.

திருட்டுக்குப் பயந்து அதன்மேல் நீ இரும்புத் தகடு வைத்து, நாலு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறாயே. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் நீயே அரத்தால் ராவிய குழி, அதன் நடுவில் முள் மாதிரி ஒரு கம்பி. அதற்குப் பொருந்தி அதைக் கழற்றும் ஒரே சாவியும் உன்னோடு போய்விட்டது. மகா புத்திசாலி!

இரண்டு போல்ட்டை ரம்பத்தால் கீறித் திருப்புளியால் கழற்றினோம். மூன்றாவதை நான்தான் கெடுத்தேன். மாமா பொறு என்றார், கேட்காமல் டிரில்லால் துளை போட்டேன். முள்ளில் டிரில் பிட் வழுக்கித் துளை கோணலானது. போல்ட்டை வெளியே இழுக்கும் கருவியை அதில் விட்டுத் திருகினேன். அது உள்ளேயே முறிந்துவிட்டது. இனி எந்த பிட்டும் அதில் ஏறாது. நாலாவது பிரேக் குழாய்க்கு அடியில் இருக்கிறது, ரம்பம் நுழையாது. அது ஒன்று கழன்றால் தகட்டை வளைத்துத் தூக்கிவிடலாம். கேஸ் வைத்து வெட்டலாமென்றால் பக்கத்திலேயே பெட்ரோல் குழாய். அப்பாவோ சீட்டைவிட்டு இறங்கமாட்டேன் என்கிறார்.

டாக்டர் காருக்குள்ளேயே குளுக்கோஸ் ஏற்றினார். அப்பா ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்கினால் பெரிது என்று டாக்டர் மாமாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று காலை ஸ்பூனை நீட்டியபோது என் கையைத் தள்ளிவிட்டு, "சின்னவன் வந்து கழட்டுவான். நீ கை வைக்காதம்மா" என்றார். யாரோ வேற்றுப் பெண்ணிடம் சொல்வதுபோல. கூடவே இருந்து பார்ப்பவள் நான். பொறாமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

போனை நீ எடுப்பதில்லை. அதனால் உன் ஊருக்கு வரும் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரிடமே சாவியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைப்பாய். அனுப்பாதே. இனி வாசலை மிதிக்காதே என்று அன்று சண்டையில் உன்னிடம் சொன்னதை அப்பா மறந்துவிட்டார். நீதான் இன்னும் நினைவில் வைத்திருக்கிறாய். சாவியை எடுத்துக்கொண்டு நீயே வா, தம்பி.

உன் வரவுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருக்கும்,
அக்கா