சிப்பாய்க்குக் கஞ்சித் தண்ணீர்

ஊரிகம்,
வெள்ளிக்கிழமை

பிரியமுள்ள சாராவுக்கு,

பார்த்தாயா, என் சொந்தக் கையெழுத்து! எழுதித் தரச் சொல்லிக் கோயில் உபதேசியாரைக் கெஞ்சவில்லை, ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது. கோணலாக இருந்தால் சிரிக்காதே, விரலில் துணி சுற்றியிருக்கிறேன். சின்னக் கீறல்தான். மகளுக்குப் பிரசவம் ஆகும்வரை நீ வேலூரிலேயே இரு.

நம் நாய் சிப்பாய் மூன்று நாளாக எழுந்திருக்கவில்லை. கிண்ணத்தை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்து, கடைவாயில் சொட்டுச் சொட்டாகப் பிழிகிறேன். பாதி வெளியே வழிந்துவிடுகிறது.

நேற்று அடுத்த வீட்டுச் சம்பங்கி ஷிப்ட் முடிந்து வந்து எட்டி நின்றே பார்த்தான்.

“இன்னா பெரியவரே, பொண்டாட்டிக்குக்கூட இப்படி ஊட்டியிருக்க மாட்டீங்க! தண்ணிக்கு மிரண்டா அது வெறிநாய்தான். கடிபட்டவனும் அப்படியே மிரண்டு சாவான்” என்றான்.

நான் கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து மணிக்கொரு தரம் நானும் ஒரு குவளை தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன். இறங்குகிறது. ஆனாலும் குவளையை எடுக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

சாரா, இதை எழுதும்போதே கிண்ணம் தரையில் நகரும் சத்தம் கேட்டது. சிப்பாய் தானாகத் தலையைத் தூக்கி நக்கிக் குடித்திருக்கிறது! கிண்ணத்தில் ஒரு சொட்டு மிச்சமில்லை. நான் அழுதுவிட்டேன்.

விரல் விஷயத்தை நீ வந்ததும் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரன்