சாப்பாட்டு அறைச் சுவரில் மூன்று படங்கள்

லட்டன்பரி,
12 நவம்பர் 1976

அன்புள்ள தம்பி ஹியூபர்ட்,

நாங்கள் நலம். நியூசிலாந்தில் நீயும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஒரு வாரமாக மழை. உன் அத்தான் லெஸ்லிக்கு மூட்டுவலி. அம்மா சௌக்கியம். சௌக்கியம் என்று எழுதிவிட்டேன், ஆனால் அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. பொறுமையாகப் படி.

போன வசந்தத்தில் சாப்பாட்டு அறைக்குப் புதுச் சுவர்த்தாள் ஒட்டினோம். அதற்குப் பொருத்தமாக, தேவாலயச் சந்தையில் மூன்று பழைய படங்கள் வாங்கினேன். நம்மூர் தர்ம விடுதியின் படங்கள்தான். கம்பளி வியாபாரி ஒருவர் ஏழை விதவைகளுக்காகக் கட்டிவைத்தாரே, அந்த வரிசை வீடுகள். உயரமான புகைபோக்கிகள், ரோஜாக்கொடி, வெள்ளைத் தொப்பி போட்ட பாட்டிகள். சட்டம் போட்டு, அம்மா நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினேன். வேறு சுவரே கிடைக்கவில்லையா எனக்கு!

அம்மா பார்த்துவிட்டு, "ரொம்ப லட்சணமா இருக்கு கண்ணு" என்றாள். இரண்டு நாள் கழித்து, "அங்க யாரை எல்லாம் சேர்த்துக்குவாங்க?" என்று கேட்டாள். நான்தான் வாய் ஓயாதவள் ஆயிற்றே. "இந்த ஊர் விதவையா இருக்கணும், அறுபது தாண்டியிருக்கணும். ஆளுக்கொரு அறை, பின்னால சின்னத் தோட்டம். இடம் கெடைச்சவங்க குடுத்து வெச்சவங்கம்மா!" என்று அளந்தேன். நான் படத்தைப் பற்றிப் பேசினேன், ஹியூபர்ட். அவள் தன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூனில் பாதிரியார் தேநீருக்கு வந்தார். அம்மா அந்த விடுதியில் இடம் கேட்டு விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா சிரித்த முகமாக, "எனக்கே ரொம்ப நாளா ஆசைதான்" என்றாள். போகாதே என்று நான் கத்தியிருக்க வேண்டும். நாகரிகமாக என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க இஷ்டம் அதுதான்னா நாங்க குறுக்க நிக்க மாட்டோம்மா." லெஸ்லி பாதிரியாருக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தார். அம்மாவை வெளியே அனுப்புவது அதோடு முடிவாகிவிட்டது. ஜூலையில் அவள் விடுதிக்குக் குடிபோனாள். என் நாக்கில் தீயை வைக்க.

போன ஞாயிறுதான் விஷயம் உடைந்தது. விடுதியில் அம்மா அறைச் சுவர் வெறுமையாக இருக்கிறதே என்று மூன்றில் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து அறை திருமதி ட்ரப், மீன்கடை வைத்திருந்தவர், எட்டிப் பார்த்தார். "நல்ல பொண்ணும்மா நீ! படத்தை மாட்டி வெச்சுப் பெத்தவளை வெளிய அனுப்பினது பத்தாதா? இங்கயும் கொண்டாந்து மாட்டணுமா?" என்று ஒரு போடு போட்டார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவள் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சுவர்த்தாளுக்குப் பொருத்தமாக இருந்ததால் வாங்கினேன், வேறொன்றும் மனதில் இல்லை என்று சத்தியம் செய்தேன். அம்மா சுத்தியலை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "நீ நேரா சொல்லச் சங்கடப்பட்டு ஜாடையா சொல்றேன்னு நெனச்சேன் கண்ணு. உனக்கு ஏன் சங்கடம்னுதான் நானே கெளம்பினேன்" என்றாள். வீட்டுக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். வரமாட்டாளாம். இப்போது திரும்பி வந்தால், மகளைத் தப்பாக நினைத்துவிட்டுப் போனவள் என்று ஊர் பேசுமாம். பாவப்பட்டுக் கூப்பிடுகிறேன் என்றும் நினைக்கிறாள். ஐந்து மாதம் வாய் திறக்காத நான் இப்போது திறந்தால் யார் நம்புவார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நீ ஆகஸ்டில் எழுதிய கடிதம் அவள் தேநீர்க் குவளைக்கு அடியில் இருக்கிறது. "நல்ல இடம் அம்மா, எனக்கும் நிம்மதி" என்று எழுதியிருந்தாயே, அதுதான். நீ நல்ல மனதோடு எழுதினாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு அது இரண்டாவது கையெழுத்து. பிள்ளைகள் இருவருக்குமே சம்மதம் என்று முடிவு கட்டி வைத்திருக்கிறாள்.

விடுதி அறையை அவளுக்கென்று உறுதி செய்யாமல், புது வருஷம் வரைக்கும் அவள் மனசு மாறக் காத்திருப்பதாகப் பாதிரியார் சொன்னார். அதன் பிறகு நம் வீட்டில் அவள் இருந்த அறையில் என் குழந்தைகள் படுக்கட்டும் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அறையை நான் தொடவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்து, "வந்ததுக்கு ரொம்ப நன்றிம்மா" என்றாள். பெற்ற பெண்ணுக்கு நன்றி சொல்கிறாள், ஹியூபர்ட்! வழியெல்லாம் அதுவே காதில் விழுந்துகொண்டிருந்தது.

உன் பேச்சைத்தான் அவள் எப்போதும் கேட்பாள். இன்றைக்கே எழுது. உடல்நலம் விசாரிக்காதே, பருவநிலை பற்றி எழுதாதே, உன் விருப்பப்படி என்று எழுதவே எழுதாதே. கடவுள் உங்கள் எல்லாரையும் காக்கட்டும். நம் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை மரியாதை இல்லாமல் பேசு, தம்பி. வீட்டுக்குப் போ என்று அதட்டு.

உன் அன்பு அக்கா,
டாஃப்னி