நெடி வராத மிளகாய்

அண்ணே,

நேற்று பொழுது சாய்கையில் அம்மா என் மகளுக்குச் சுத்திப் போட்டாள். வரமிளகாய் அடுப்பில் கருகியும் ஒருத்தருக்கும் தும்மல் வரவில்லை. "பாத்தியா, நெடியே இல்ல. அம்புட்டும் கண்ணு" என்றாள். உனக்கு வெள்ளிதோறும் சுற்றியபோதும் நெடி வந்ததில்லை.

இரண்டாம் வகுப்புப் பிள்ளையை நேரே நாலாம் வகுப்பில் போடலாம் என்கிறார்கள் பள்ளிக்கூடத்தில். நாளைக்கு நான் பதில் சொல்ல வேண்டும். டபுள் பிரமோஷனாம்! கேட்டதுமே என் வீட்டுக்காரர் மைசூர்பாகு வாங்கி வந்துவிட்டார். உனக்கு அது கிடைத்தபோது நம் அப்பா அல்வா வாங்கினார், ஞாபகம் இருக்கா?

உன்னைவிட உயரமான பையன்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாய். கணக்கில் நீதான் முதல். ஆனால் விளையாட்டில் ஒருத்தனும் உன்னைச் சேர்க்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் "மாமாவுக்கு ஒண்ணு சொல்லிக் காட்டு" என்று உன்னைக் கூடத்தில் நிறுத்துவார்கள். ஒருநாள் என்னிடம் மட்டும் கேட்டாய்: "தெரியலைன்னு சொன்னா என்ன செய்வாங்க?" சின்னப்பிள்ளை நான், முழித்தேன்.

கல்லூரிக்குக் கிளம்பிய அன்று ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ் ஏறும்போது "போறேன்" என்றாய். "போயிட்டு வாரேன்னு சொல்லுடா!" என்று அம்மா அதட்டினாள். நீ சொல்லவில்லை. முதல்முறையாக ஒரு பரீட்சையில் தோற்ற வாரமே விடுதியிலிருந்து போன் வந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் உயிரை விட்டிருந்தாய். ஊர்க்கண் பட்டுவிட்டது என்று அம்மா இன்னமும் சொல்கிறாள். ஊர்க்கண்ணாவது மண்ணாவது! எந்நேரமும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தது நம் வீட்டுக் கண்தான்.

இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரரின் நண்பர் வந்திருந்தார். பாப்பாவைக் கூடத்தில் நிறுத்தி வாய்ப்பாடு கேட்டார்கள். அவள் கவுன் நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம், எழுந்துபோய் அவளைத் தூக்கிக்கொண்டேன்.

"இவ எந்த வகுப்பையும் தாண்ட வேண்டாம். தன் வயசுப் பிள்ளைகளோட இருக்கட்டும். கூடுதலாப் படிக்க ஏதாச்சும் குடுங்கன்னு நாளைக்கு டீச்சர்கிட்டக் கேக்குறேன்" என்றேன்.

"கெட்டிக்காரப் பிள்ளையைக் கெடுக்கிற" என்றார் வீட்டுக்காரர்.

அடுப்படியில் வைத்து, "தெரியாட்டி தெரியலைன்னு சொல்லு தங்கம்" என்றேன். பாப்பா கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு என் காதோடு கேட்டாள்:

"சொன்னா என்னம்மா செய்வாங்க?"

உன் கேள்வி, அண்ணே. இத்தனை வருஷமாக நான் நெஞ்சில் சுமக்கிற அதே கேள்வி.

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க. அம்மா இருக்கேன்ல?" என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பினாளா?

தெரியலை அண்ணே.