எதிர்க்கடை மாத்திரை

பிப்ரவரி 11, செவ்வாய்

சுற்றறிக்கை வந்தேவிட்டது. வரும் வரும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மனநல மாத்திரையை இனி மனநல மருத்துவர் எழுதினால்தான் கடையில் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எழுதிக் கொடுத்தவர் அல்லாத இன்னொரு மருத்துவர் பார்த்து, தொடரலாமா நிறுத்தலாமா என்று முடிவு சொல்ல வேண்டும். அப்போது பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். பெற்றவர்கள் வெளியே இருக்க வேண்டும். கடையில் நாங்களும் பிள்ளையிடம் நேராக 'எப்படி இருக்கே' என்று கேட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும்.

படித்ததும் எனக்குச் சந்தோஷம். பக்கத்துத் தெரு பொது மருத்துவர் சளிக்கு எழுதும் வேகத்தில் இதையும் எழுதித் தள்ளுகிறார். வகுப்பில் ஒரு பிள்ளை நிலையாக உட்காரவில்லை என்று ஆசிரியை அம்மாவிடம் சொல்வார். அம்மா அந்த மருத்துவரிடம் சொல்வாள். அவர் என்னிடம் அனுப்புவார். கையில் சீட்டு இருந்தால் என்னால் மறுக்க முடியாது. இனி முடியும்.

கடைசி வரியைச் சாயங்காலம்தான் கவனித்தேன். மருந்துக் கடைக்காரர் தன் சொந்தப் பிள்ளைக்குத் தன் கடையிலிருந்து இந்த மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாதாம்.

அப்புறம் எங்கே போய் வாங்குவது? இந்தத் தெருவில் இருப்பதே இரண்டு மருந்துக் கடை. ஒன்று என்னுடையது. இன்னொன்று எதிர்க்கடை.

பிப்ரவரி 12, புதன்

என் மனைவியிடம் சொன்னேன். நூலகத்தில் வேலை பார்ப்பவள், வீட்டிலும் சத்தமில்லாமல்தான் சிரிப்பாள். இன்று தோள் குலுங்கச் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் சட்டம் வரணும்னு குதிச்சீங்க. இப்போ முதல் அடி உங்களுக்கா?"

எதிர்க்கடைக்காரர் கடை திறந்த வாரமே என் பலகையைவிட ஒரு சாண் பெரிதாகப் பலகை வைத்தார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. மழையில் என் கடை வாசலில் ஒதுங்கக்கூட மாட்டார்.

மகளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "ரோட்டைத் தாண்டணும். அவ்வளவுதானேப்பா?" என்றாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

அவ்வளவுதான். இரண்டு வாக்கியம். இன்றைக்கு எனக்குக் கிடைத்தது அதுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கடை வாசலில் இருக்கும் எடை மெஷினைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பழசெல்லாம் மேலே வருகிறது.

மகள் அப்போதெல்லாம் பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். எட்டு வயது இருக்கும். மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, யார் ஏறினாலும் முள்ளைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பாள். "எழுபத்தெட்டு! போன வாரம் எழுபத்தாறு! என்ன சாப்பிட்டீங்க?" தையல்கடை அக்கா ஒரு மாதம் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. தெரு முழுக்க அவளுக்கு ரேடியோ என்றுதான் பேர். 'உங்க ரேடியோவை யாருங்க அணைக்கிறது?' என்பார்கள். அணைக்கவா? எனக்கு அது ஓடினால்தான் கடையில் வேலையே ஓடும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு அன்றைய வகுப்பு முழுவதையும் நடித்துக் காட்டுவாள். கணக்கு ஆசிரியையின் இருமல் உட்பட.

அந்த ரேடியோ எங்கே போயிற்று? இப்போது இந்த வீட்டில் ஒரு பதினைந்து வயதுப் பெண் இருக்கிறாள். நல்ல பெண். சத்தமே இல்லாத பெண். ஒன்றரை வருடமாகத் தினமும் காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. நடுவில் கோடு போட்டது. அதை என் கையால்தான் எடுத்துக் கொடுத்து வந்தேன்.

பிப்ரவரி 22, சனி

புதுச் சட்டப்படி முதல் சண்டை. ஒரு அம்மா, கூடவே ஏழு வயதுப் பெண். பொது மருத்துவரின் சீட்டு. கொடுக்க முடியாது என்றேன். "போன மாசம் குடுத்தீங்களே! அதுக்குள்ள விஷமாயிடுச்சா?" என்று கத்தினார். விஷம் இல்லை, மனநல மருத்துவர் பார்த்து எழுத வேண்டும் என்றேன். "டீச்சர்கிட்ட நீங்க வந்து சொல்லுங்க" என்றார். பாவம், அவர் குரல் உடைந்துவிட்டது.

அந்தக் குட்டி இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. எடை மெஷின்மேல் ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தது. முள் ஆடுவதைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு.

அவர்கள் போன பிறகும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

கடிதம் வந்திருக்கிறது. மார்ச் 27 அன்று மகளுக்கு மறுபரிசீலனை. பெற்றவர்களின் கருத்தும் கேட்பார்களாம்.

நான் முடிவு செய்துவிட்டேன். நிறுத்தச் சொல்லப் போகிறேன்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை மறுபடி படித்தேன். சோர்வு, பசிக் குறைவு, எதிலும் ஒட்டாமல் இருப்பது. எல்லாம் இவளிடம் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டாள். பசிக் குறைவு! மத்தியானம் தூங்கினாள். சோர்வு!

"நேத்துப் பரீட்சைக்குப் படிச்சா, அதான் தூங்கினா," என்றாள் மனைவி. "குழம்புல உப்பு அதிகம், அதான் வச்சுட்டா. உப்பு போட்டது நீங்க. அந்தத் தாளைப் படிச்சுட்டே பிள்ளையைப் பாக்காதீங்க."

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். மருந்துக் கடைக்காரன் பிள்ளை இருமினால் அது வெறும் இருமலாக இருக்க முடியாது போலிருக்கிறது. ஆனாலும் என் மனசு கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ரோட்டைத் தாண்டினோம்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் மூன்று பேர். மூன்று பேரும் என் வாடிக்கையாளர்கள்! என்னைப் பார்த்ததும் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் மாதிரி முழித்தார்கள். நானும் அப்படித்தான் முழித்திருப்பேன்.

எதிர்க்கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டை வாங்கினார், மாத்திரை அட்டையை எடுத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளிடம், "எப்படிம்மா இருக்கே?" என்றார். சட்டம் சொன்ன கேள்விதான். ஆனால் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல்.

அவள் பதில் சொன்னாள்! தூக்கம் பரவாயில்லையாம். காலையில் வாய் உலர்கிறதாம். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குக் கை லேசாக நடுங்குகிறதாம், எழுத்து கோணுகிறதாம். அவர் "தண்ணி நிறையக் குடி. கை நடுங்கறதை மறக்காம டாக்டர்கிட்ட சொல்லு" என்றார். "என் எழுத்து ஏற்கெனவே கோணல்தான் அங்கிள், அதனால வெளியே தெரியாது" என்றாள் இவள். இருவரும் சிரித்தார்கள்.

வாய் உலர்வது எனக்குத் தெரியாது. கை நடுங்குவது தெரியாது. வீட்டில் ஒரு மருந்துக் கடைக்காரன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குத் தெரியாது.

வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை என்னிடமே ஏராளமாக இருக்கிறது, இந்த எரிச்சலுக்கு இல்லை.

மார்ச் 15, சனி

பலகையை இறக்கிப் புதிதாக எழுதலாமா என்று யோசித்தேன். ஒன்றரைச் சாண் பெரிதாக.

மார்ச் 20, வியாழன்

நல்ல சண்டை. மகள் சிறப்பு வகுப்புக்குப் போயிருந்தாள்.

நிறுத்தச் சொல்லப் போவதாக மனைவியிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். "ஏன்?" என்றாள். பழைய பிள்ளை எனக்குத் திரும்ப வேண்டும் என்றேன்.

"உங்களுக்கு எட்டு வயசு ஞாபகம் இருக்கு. பதிமூணு வயசு ஞாபகம் இருக்கா?"

நான் துணியை எடுத்து ஒரு தட்டைத் துடைத்தேன்.

"எனக்கு இருக்கு. ஸ்கூல் பையை மாட்டிக்கிட்டு வாசப்படியில நின்னு, செருப்பைப் போட முடியாம அழுவா. தினம் தினம். குளியலறைக் கதவுக்கு வெளியில நான் உக்காந்துக்கிட்டு சும்மா ஏதாவது பேசிட்டே இருப்பேன், உள்ளேருந்து ஒரு 'ம்' வருதான்னு. நீங்க கடைக்குப் போயிடுவீங்க. தப்புன்னு சொல்லல. யாராவது கடையைத் திறக்கணும். ஆனா அந்த வீட்டுல நான்தான் இருந்தேன்."

குழாயைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான் பேச்சு.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தத் தலைவலி எனக்கும்தானே வந்தது? நானும்தானே பார்த்தேன்? பார்த்தேனா? பேரம் பேச வந்தவன் மாதிரி அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தேனே – எப்ப சரியாவே, எப்ப பழையபடி ஆவே, எப்ப கடைக்கு வருவே...

மார்ச் 27, வியாழன்

எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்றால் எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேன்.

இரண்டாவது மருத்துவர் ஒரு பெண்மணி. மேஜையில் ஒன்றுமே வைத்துக்கொள்ளவில்லை, ஒரு தண்ணீர் பாட்டில் தவிர. முதலில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மனைவி 'தொடரட்டும்' என்றாள். நான் 'நிறுத்துங்கள்' என்றேன். எடை மெஷின் கதை, ரேடியோ என்ற பேர், தெரு முழுக்க அவள் குரல், எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "இதையெல்லாம் சொல்றது நல்லது. இனி அவளைக் கேட்கிறேன்" என்று எங்களை வெளியே அனுப்பினார்.

வெளியே இரும்பு நாற்காலிகள், சுவரில் யாரோ பிள்ளைகள் வரைந்த படங்கள். உள்ளே என்ன சொல்கிறாள்? நான் அந்தக் கதவைப் பார்த்த மாதிரி எந்தக் கதவையும் பார்த்ததில்லை. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இப்படி எத்தனை நாள் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள்!

பிறகு கூப்பிட்டார்கள். மருத்துவர் அவளைப் பார்த்து, "நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?" என்றார். அவளே சொன்னாள்.

"நிறுத்த வேணாம். அது இல்லாதப்போ காலையில கண்ணு முழிக்கவே பயமா இருந்துச்சு. இப்போ பயம் இல்ல. கை நடுங்கறது மட்டும்தான் கஷ்டம், அதுக்கு அளவைக் கொஞ்சம் குறைச்சுப் பாக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. பேச்சு கம்மியாயிடுச்சுன்னு அப்பா நினைக்கிறாரு. மாத்திரையால இல்ல. எனக்கே கம்மியாப் பேசத்தான் பிடிச்சிருக்கு."

என்னைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைப் பார்த்து மீதியைச் சொன்னாள்.

"அப்பா என்னைப் பாக்கறப்போ எனக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரியே பாக்கறாரு. நான் திரும்பித் திரும்பிப் பாத்திருக்கேன். அங்க யாரும் இல்லப்பா."

மார்ச் 28, வெள்ளி

கடை திறக்கவில்லை. அழுதேன். எதுக்கு மறைக்கணும், அழுதேன். ஒன்றரை வருஷமா என் எதிர்லயே உக்காந்திருந்தாளே – நான் யாரைத் தேடிட்டு இருந்தேன்?

ஏப்ரல் 6, ஞாயிறு

கவனித்தவை: படிக்கும்போது ஒரு காலை மடக்கி உட்கார்ந்துகொள்கிறாள். சிரிப்பு வந்தால் முதலில் மூக்கு சுருங்குகிறது, சத்தம் அப்புறம்தான், சில நேரம் வருவதே இல்லை. பேனாவை இடது கையிலும் பிடித்து எழுதிப் பார்க்கிறாள். நின்றால் என் காது வரை வந்துவிட்டாள். இது எப்போது நடந்தது?

சாயங்காலம் அவளாகவே கடைக்கு வந்தாள். நான் வழக்கம்போல எடை மெஷினில் ஏறி நின்றேன். எண்பதைத் தாண்டி நின்ற முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தெருவுக்குக் கேட்கவில்லை, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அப்பா, மெஷினுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்ல" என்றாள்.

ஒரே வாக்கியம். இறங்கிய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன். பழைய ரேடியோவுக்கு இப்படிப் பேசத் தெரியாது.

ஏப்ரல் 19, சனி

பிப்ரவரியில் சண்டை போட்ட அம்மா மறுபடி வந்தார், அந்தக் குட்டியுடன். மனநல மருத்துவரின் சீட்டு. அதே மாத்திரை, அளவு பாதி. சோதித்துப் பார்த்து, இவளுக்குத் தேவைதான் என்று எழுதியிருக்கிறார். தேவையில்லாத பிள்ளைகளைத்தான் சட்டம் காப்பாற்றும் என்று நினைத்திருந்தேன். தேவைப்படுகிற பிள்ளையையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டுமே.

கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். "எப்படிம்மா இருக்கே?"

"நல்லாத்தான் இருக்கா" என்றார் அம்மா.

"உங்களைக் கேக்கலம்மா. அவளைக் கேட்டேன்."

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம்! குட்டி மெஷினிலிருந்து இறங்கி வந்து, "காலையில வயிறு வலிக்குது" என்றது. அம்மா திகைத்துவிட்டார். "எங்கிட்ட சொல்லவே இல்லையேடி!" மருத்துவமனையிலேயே கொடுத்த முதல் வார மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்திருக்கிறார். சாப்பிட்ட பிறகு கொடுங்கள் என்றேன். அட்டையின் மேல் பெரிதாக எழுதியும் கொடுத்தேன்.

இந்தச் சும்மா இருக்கும் வித்தையை யாரிடம் கற்றேன் என்று இங்கே எழுத மாட்டேன். பலகை விவகாரம் இன்னும் முடியவில்லை.

மே 4, ஞாயிறு

பலகை எழுதுகிறவன் வந்து கேட்டான். வேண்டாம், இருக்கிறதே போதும் என்றேன்.

மே 11, ஞாயிறு

மாத்திரை வாங்க ரோட்டைத் தாண்டினோம். எனக்கு ஸ்டூல் போட்டார் எதிர்க்கடைக்காரர். நான் உட்கார்ந்தேன். பேசிக்கொள்ளவில்லை, ஆனால் உட்கார்ந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேன் அங்கிள். அளவு குறைச்சதுல கை நடுங்கல."

அட்டையைக் கொடுத்தார். பிறகு என் பக்கம் தலையை மட்டும் ஆட்டி, "அப்பா எப்படி இருக்காரு?" என்று அவளையே கேட்டார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூக்கு சுருங்கியது.

"பரவாயில்ல அங்கிள். தேறிக்கிட்டு வர்றாரு."